மறு உத்தரவு வரும் வரை வெளியே நின்றவர்

ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, எனக்கு போன் வந்திருப்பதாகச் சொன்னார். தோசை மாவு ஒட்டிய கையோடு ஓடினேன். பேசியது கோகிலா. எங்கள் பள்ளியில் படித்தவள், இப்போது சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷம்.

"டீச்சர், நம்ம பி.டி. டீச்சர் போயிட்டாங்க டீச்சர்."

"மேட்டுப்பாளையத்துக்கா?" என்று கேட்டேன். ருக்மணி டீச்சரின் மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. ரிட்டையரான பிறகு வாரம் தவறாமல் பஸ் ஏறிவிடுவார். வீட்டில் இல்லை என்றால் மேட்டுப்பாளையத்தில் இருப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மறுமுனையில் கோகிலா விசும்பினாள். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று மகனை எழுப்பியிருக்கிறார். மகன் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ருக்மணி டீச்சர் எதற்கும் காத்திருக்கிற ரகம் கிடையாது. ஆட்டோவுக்கு மட்டும் காத்திருப்பாரா?

பழைய மாணவியர் மலருக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதித் தரும்படி தலைமையாசிரியை கேட்டார். அது எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிறந்த ஊர், பணியில் சேர்ந்த வருஷம், ஈடு செய்ய முடியாத இழப்பு. எழுதியும் பார்த்தேன். ருக்மணி டீச்சர் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "ஏனுங்க சரித்திர டீச்சர், செத்தது நானுங்களா, நீங்களா? எழுத்துல உசுரையே காணமே" என்று கேட்பதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அழ வேண்டியது அழுதாயிற்று. நான் சொல்லப்போவது நாங்கள் கோப்பை வாங்கிய அந்த ஒரு நாளைப் பற்றி. உங்களில் சிலர் அன்றைக்கு மேடையில் இருந்தீர்கள். பலர் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் எங்களைத் தோளில் தூக்காத குறையாகக் கூட்டி வந்தீர்கள். பின்னால் வந்து சேர்ந்தவர்கள் அந்தக் கதையைக் கையும் காலும் முளைத்த பிறகு கேட்டிருப்பீர்கள். நடந்தது நடந்தபடி ஒரு தடவையாவது அச்சில் இருக்கட்டும்.

முதலில் அவருடைய விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்புக் கயிற்றில் கட்டி, சேலைத் தலைப்புக்கு உள்ளே தொங்கும். தாலியும் விசிலும் ஒன்றாகக் கிடக்கும் கழுத்து அது. எது முதலில் ஏறியது என்று நாங்கள் கேலி செய்தால், "விசிலுதானுங்க. தாலி பொறவுதான் வந்துது" என்பார். எங்கள் வட்டாரத்தில் மில் சங்குக்கு அடுத்தபடியாகத் தூரம் கேட்கிற சத்தம் அதுதான். ஒரு விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பெண்கள் குனிந்து தயாராக நின்றார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் தாளாளர், வேட்டி மடிப்புக் கலையாத பெரிய மனிதர், விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டின் குறுக்கே நடந்தார். டீச்சர் கொடியை இறக்கிவிட்டு விசிலை எடுத்து ஊதினார். தாளாளர் துள்ளிக் கோட்டைத் தாண்டினார். "கோட்டுக்குள்ள யாரும் வரப்படாதுங்க சார். ரூலுன்னா எல்லாத்துக்கும் ரூலுங்க" என்று மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னார். தாளாளரிடம் அப்படிச் சொல்ல எங்களில் வேறு யாருக்கும் நாக்கு எழும்பியிருக்காது. அன்றிலிருந்து அவர் மைதானத்தைக் கடக்க வேண்டுமென்றால் சுவரோரமாகவே சுற்றி வருவார்.

இந்தத் தாளாளர்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்போது ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பேச்சு. வருகிற ஜூனோடு பிளஸ் ஒன்னில் சரித்திரப் பிரிவை மூடிவிட்டு, அந்த அறையில் கம்ப்யூட்டர் வைக்கலாம் என்று நிர்வாகம் நினைப்பதாகச் சொன்னார். "காலம் மாறிப்போச்சுங்க டீச்சர். இனி ராஜா கதையும் சட்டசபைக் கதையும் படிச்சுப்போட்டு இந்தப் புள்ளைங்க என்னத்தப் பண்ணப் போவுதுங்க?"

எனக்கு வேலை போகாது. பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் அந்தப் பிரிவில் சேருகிறவர்கள் யார்? மில் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். மார்க் சுமாராக வாங்குகிறவர்கள். இந்தப் பிரிவு இல்லையென்றால் இரண்டு பஸ் மாறி உக்கடம் தாண்டிப் போய்ப் படிக்க வேண்டும். எந்த அப்பா அனுப்புவார்? திருப்பூர் பனியன் கம்பெனி வேன் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் இருந்த கோகிலாவுக்கு ஏற்கெனவே வேனில் இடம் சொல்லியாகிவிட்டது. அவளுடைய அப்பா வேலை பார்த்த மில் பூட்டிக் கிடந்தது. இங்கே பிளஸ் ஒன் கிடைத்தால் படிக்கட்டும், கிடைக்காவிட்டால் பரீட்சை முடிந்த மறுநாள் கம்பெனி என்று அவர் என்னிடமே சொல்லியிருந்தார்.

தாளாளர் அறையில் ருக்மணி டீச்சரும் நின்றிருந்தார். வாலிபால் வலை கிழிந்துவிட்டது என்று சொல்ல வந்தவர். மேஜை மேல் ஒரு சுற்றறிக்கை கிடந்தது: பத்தாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு, மாவட்ட அளவில் மாதிரிப் பாராளுமன்றப் போட்டி. வருஷா வருஷம் கோப்பையை டவுனில் இருக்கும் ஒரு பெரிய பள்ளி கொண்டுபோகும். நாங்கள் கலந்துகொண்டதாகச் சான்றிதழ் வாங்கி வருவோம். டீச்சர் அதைக் கையில் எடுத்தார்.

"சார், இந்தக் கப்ப நம்ம சரித்திரப் புள்ளைங்க எடுத்துட்டு வந்தாங்கன்னா?"

தாளாளர் சிரித்துவிட்டார். "எடுத்துட்டு வாங்க டீச்சர். அப்புறம் அந்த ரூமை நான் ஏன் தொடப்போறேன்?"

"சொன்ன சொல்லு மாறப்படாதுங்க சார்."

வலையைப் பற்றிக் கேட்காமலே வெளியே வந்துவிட்டார். நான் அவரை வராந்தாவில் பிடித்து, பாராளுமன்றத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். "ஒண்ணுந் தெரியாதுங்க. ஆனா ரெண்டு டீம், நடுவுல ஒரு ரெஃப்ரீ. அவ்வளவுதானுங்களே?" என்றார்.

நான்தான் வசனம் எழுதினேன். நல்ல தமிழ், நீண்ட வாக்கியங்கள். கிராமப் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் மசோதா. ஆளுங்கட்சி கொண்டுவரும், எதிர்க்கட்சி எதிர்க்கும். பெண்கள் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். வேப்பமரத்தடியில் ஒத்திகை நடந்தது. ஒருத்தி ஒப்பித்து முடித்ததும் உட்கார, அடுத்தவள் எழுந்து ஒப்பித்தாள். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ருக்மணி டீச்சர் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், இது பார்லிமெண்டுங்களா, எழவு ஊடுங்களா?"

கோபம் வந்தது எனக்கு. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கபடி ஆட்டத்துக்குப் போடுகிற நடுக்கோட்டை மண்ணில் காலால் இழுத்தார். ஆளுங்கட்சியை ஒரு பக்கம், எதிர்க்கட்சியை மறு பக்கம் நிற்க வைத்தார்.

"இங்க பாருங்க கண்ணுகளா. பேசிக்கிட்டே இருங்க. எவளாவது திக்கி நின்னா நான் விசில் ஊதுவேன். ஊதுனதும் அக்கட்ட இருக்கறவ இக்கட்ட வரோணும், இக்கட்ட இருக்கறவ அக்கட்டப் போவோணும். போயி, இத்தனை நேரம் நீங்க சொன்னதையே எதுத்துப் பேசோணும். எதிராளி மூச்சு எங்க நிக்கும்னு தெரியாம எவளும் கபடி ஆட முடியாது."

மறுநாளிலிருந்து எங்கள் பாராளுமன்றத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. விசில் ஊதும், அமைச்சர்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எதிர்க்கட்சி எதிரே ஓடி வரும், மோதிக்கொள்வார்கள், சிரித்துக்கொண்டே சண்டை போடுவார்கள். மனப்பாடம் செய்த என் நீண்ட வாக்கியங்கள் எல்லாம் மூன்றே நாளில் உதிர்ந்தன. ஓடிக்கொண்டு யார் "எனவே, மேற்கூறிய காரணங்களால்" என்று பேச முடியும்? தேவகி என்ற பெண் எதிர்க்கட்சித் தலைவர். ஜெசிந்தா பஞ்சாயத்து அமைச்சர். இரண்டு பேரும் பேச்சில் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டதைக் கேட்க, பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் மதியச் சோற்றைச் சுவர் மேல் வைத்துச் சாப்பிட்டார்கள். ஆங்கில டீச்சர்கூட ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, இது ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டு, மறுநாளும் வந்தார்.

கோகிலா சபாநாயகர். முதல் நாள் விசில் ஊதியதும் அவளும் எழுந்து ஓடினாள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்று முழித்தாள். டீச்சர் அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நீ ஏன் அம்மணி ஓடற? சபாநாயகருக்குக் கட்சி கெடையாது. ஊரே எடம் மாறுனாலும் நீ அசையப்படாது. நானே வந்து சொன்னாலும் அசையப்படாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க டீச்சர்."

இந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள். அன்றைய கோப்பையே இதில்தான் இருக்கிறது.

போட்டிக்கு டவுன் பஸ்ஸில் போனோம். நின்றுகொண்டே பெண்கள் மசோதாவை விவாதித்தார்கள். கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சண்ட போடாம வாங்க" என்றார். "சண்ட இல்லீங்கண்ணா, பார்லிமெண்ட்டுங்க" என்றாள் தேவகி. "ரெண்டும் வேற வேறயா?" என்று கேட்டுவிட்டு அவர் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். பஸ்ஸே சிரித்தது. ருக்மணி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் பதற்றப்பட்டு நான் பார்த்த ஒரே நாள் அது.

கல்லூரி ஒன்றின் கலையரங்கத்தில் போட்டி. தலைமை நடுவர் ஓய்வு பெற்ற நீதிபதி. விதிகளை அவரே வாசித்தார். மேடையில் அணி பேசிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர்கள் சைகையாலோ சொல்லாலோ எந்தக் குறிப்புக் கொடுத்தாலும் அந்த அணி போட்டியிலிருந்து நீக்கப்படும் என்று இரண்டு தடவை சொன்னார். நானும் ருக்மணி டீச்சரும் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். டவுன் பள்ளி முதலில் மேடை ஏறியது. கோட்டு, டை, தடுமாறாத பேச்சு. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே செய்தார்கள். முடிந்ததும் அரங்கம் நீளமாகக் கை தட்டியது. "நல்லாத்தான் பேசறாங்க" என்றார் டீச்சர். "ஆனா எவனுக்கும் வேர்க்கலயே, பாத்தீங்களா?"

எங்கள் முறை வந்தது. பாவாடை தாவணியும் ரெட்டைச் சடையுமாகப் பெண்கள் ஏறினார்கள். ஏழாம் வகுப்புச் சாந்தி, அணியிலேயே குட்டி, சிவப்புப் பட்டை கட்டிய அவைக் காவலராகக் கதவோரம் நின்றாள். கோகிலா நாற்காலியில் உட்கார்ந்தாள். தேவகி எழுந்து மசோதாவைக் கிழி கிழி என்று கிழித்தாள். "இந்தச் சட்டம் வந்தால் நாற்காலியில் பெண் உட்காருவார். அவர் பேருக்கு உட்காருவார். முடிவு எடுப்பது பின்னால் நிற்கும் புருஷனும் மாமனாரும். பெண்ணால் சொந்தமாக ஓர் உத்தரவு போட முடியுமா? அமைச்சர் பதில் சொல்லட்டும்!" முன் வரிசையில் ஒருவர் எழுந்தே கை தட்டினார். டீச்சர் என் தொடையில் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

பதில் சொல்ல ஜெசிந்தா எழுந்தாள். வாயைத் திறந்தாள். எதிரே நிறைந்த அரங்கத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. சொல்லு, ஏதாவது சொல்லு என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தபோது, என் காதுக்குப் பக்கத்தில் விசில் ஊதியது.

டீச்சர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆறு வாரமாக எவளாவது திக்கினால் கை தானாக விசிலுக்குப் போகும். அன்றும் போய்விட்டது. ஊதிய பிறகுதான் தான் ஊதியதே அவருக்குத் தெரிந்தது. அரங்கம் மொத்தமும் திரும்பி எங்களைப் பார்த்தது. மேடையிலோ, ஐயோ, அதை எப்படிச் சொல்வேன், பழக்கதோஷத்தில் எங்கள் அமைச்சரவை மொத்தமும் எழுந்துவிட்டது! எதிர்க்கட்சியும் எழுந்துவிட்டது! இரண்டு கட்சியும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடம் மாறக் கிளம்பிவிட்டது. டவுன் பள்ளி ஆசிரியர் எழுந்து நின்று, "சார், சிக்னல் கொடுக்கறாங்க, சிக்னல்!" என்று கத்தினார். தலைமை நடுவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். போச்சு என்று நினைத்தேன். கோப்பை போச்சு, பிரிவு போச்சு, கோகிலா வேனில் ஏறிவிட்டாள்.

கோகிலா அசையவில்லை. மேசையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"அவையில் அமைதி! உறுப்பினர்கள் அவரவர் இடத்தில் அமருங்கள்!"

எல்லோரும் சட்டென்று உட்கார்ந்தார்கள். நடுவரின் கை மைக்கில் அப்படியே நின்றது. கோகிலா நிமிர்ந்து, நான்காவது வரிசையை நேராகப் பார்த்தாள். அவள் குரல் நடுங்கியது. ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

"பார்வையாளர் மாடத்தில் விசில் ஊதி அவையின் ஒழுங்கைக் குலைத்தவரை, மறு உத்தரவு வரும் வரை இந்த அவையிலிருந்து வெளியேற்ற உத்தரவிடுகிறேன். அவைக் காவலர் அவரை வெளியே அழைத்துச் செல்லவும்."

இன்றைய கூட்டம் முடியும் வரை என்று சொல்லியிருக்க வேண்டும். படபடப்பில் மறு உத்தரவு வரும் வரை என்று வந்துவிட்டது. அதை யார் கவனித்தார்கள்? குட்டிச் சாந்தி மேடையிலிருந்து இறங்கி, நடைபாதையில் நடந்து வந்து, ஆறடி உயர டீச்சருக்கு முன்னால் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். "வாங்க டீச்சர்" என்று கூப்பிட வாயெடுத்து, நினைவு வந்து, "வாருங்கள்" என்றாள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தாளாளரைக் கோட்டுக்கு வெளியே துரத்தியவர். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம், மன்னிப்புக் கேட்டு விளக்கம் கொடுத்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. எழுந்து நின்றார். தலைப்பை இழுத்துச் செருகினார். சபாநாயகர் நாற்காலியைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். சாந்தியின் சின்ன அடிக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, அவள் பின்னால் கதவு வரை போனார். முகத்தில் இருந்த பெருமை இருக்கிறதே, தேர்தலில் ஜெயித்தவர்களிடம்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

கதவு சாத்திக்கொண்டது. "மாண்புமிகு அமைச்சர் தொடரலாம்" என்றாள் கோகிலா.

ஜெசிந்தா நான்காவது வரிசையில் டீச்சரின் காலியான நாற்காலியைப் பார்த்தாள். பிறகு எதிர்க்கட்சிப் பக்கம் திரும்பினாள். போன குரல் திரும்பி வந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்த ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே! நாற்காலியில் பெண் உட்கார்ந்தால் பேருக்குத்தான் உட்காருவார் என்றார் எதிர்க்கட்சித் தலைவர். சொந்தமாக ஓர் உத்தரவு போட முடியுமா என்று கேட்டார். சற்று முன் இந்த அவையில் என்ன நடந்தது என்று அவர் பார்த்தாரா? அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பெண். அவருக்குப் பின்னால் எந்தப் புருஷன் நின்றான்? எந்த மாமனார் நின்றார்?"

அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரங்கம் எழுந்துவிட்டது. டவுன் பள்ளிப் பிள்ளைகளும்கூட எழுந்து கை தட்டினார்கள், நல்ல பிள்ளைகள். தேவகி எதிர்க்கட்சித் தலைவர் என்பதையே மறந்து மேசையைத் தட்டினாள்.

நடுவர்கள் வெகுநேரம் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். பிறகு நீதிபதி எழுந்தார். "விசில் ஊதியது விதிமீறல். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த விசிலால் இந்த அணிக்கு உதவி கிடைக்கவில்லை, குழப்பம்தான் கிடைத்தது. குழப்பம் செய்தவரை, தம் சொந்த ஆசிரியர் என்றும் பார்க்காமல், அவையே தண்டித்துவிட்டது. ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை." முதல் பரிசு எங்கள் பள்ளிக்கு என்றார். சிறந்த சபாநாயகர் கோகிலா என்றார்.

நான் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் டீச்சர் வாட்ச்மேனோடு நின்றிருந்தார். ஜன்னல் எல்லாம் திறந்துதான் கிடந்தது. ஒரு எட்டுப் போட்டிருந்தால் உள்ளே தெரியும். அவர் எட்டிப் பார்க்கவே இல்லை.

"உள்ள என்னங்க ஆச்சு?" என்றார்.

"கப்பு நமக்குத்தான் டீச்சர்!"

ஊதினார் பாருங்கள் ஒரு விசில்! அந்த மரத்துக் காக்கைகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டார். நான் டீச்சர் கையைப் பிடித்து, போட்டோ எடுக்கிறார்கள், வாருங்கள் என்று இழுத்தேன். கதவு வரை வந்தவர் நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

"நான் எப்படிங்க உள்ள வர்றது? சபாநாயகர் இன்னும் கூப்பிடலீங்களே."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். பாதி விளையாட்டுதான். அதற்குள் உள்ளே போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள். தலைமையாசிரியை அறையில் மாட்டியிருக்கிறதே அந்தப் படம், அதில் எல்லோரும் இருக்கிறோம். அவர் மட்டும் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

திங்கட்கிழமை தாளாளர் மைதானத்துச் சுவரோரமாகச் சுற்றி வந்து, வேப்பமரத்தடியில் கோப்பையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க டீச்சர். ஆனா கம்ப்யூட்டர எங்க வெக்கறது?" என்றார். ருக்மணி டீச்சர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தன் விளையாட்டுச் சாமான் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "பந்து மாடிப்படிக்குக் கீழயும் படுத்துக்குமுங்க சார். புள்ளைங்க படுக்குமா?" அன்றிலிருந்து அவர் ஓய்வு பெறும் வரை பந்துகளும் வளையங்களும் மாடிப்படிக்குக் கீழேதான் கிடந்தன. கம்ப்யூட்டரும் வந்தது. ஜூனில் சரித்திரப் பிரிவில் கோகிலா முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுடைய அப்பாவே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

அந்த வெளியேற்ற உத்தரவு மட்டும் அப்படியே நின்றது. ருக்மணி டீச்சர் அதை விடவில்லை. கோகிலா இருக்கிற அறைக்கு எப்போது வந்தாலும் வாசலில் நின்று, "சபாநாயகரே, உள்ள வரலாமுங்களா?" என்பார். கோகிலா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "மனு பரிசீலனையில் இருக்குதுங்க" என்பாள். பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள், டீச்சர் உள்ளே வருவார். ஆறேழு வருஷமாக இது நடந்தது. போன மாதம் என் வீட்டுக்கு இருவரும் வந்திருந்தார்கள். அன்றும் டீச்சர் வாசலில் நின்றார். "வக்கீலம்மா ஆகப் போற, இப்பவாவது தீர்ப்பு சொல்லு கண்ணு" என்றார். "பெரிய கேசுங்க டீச்சர். அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லப்படாது" என்றாள் கோகிலா. நான் காபி ஆறுகிறது என்று திட்டிய பிறகுதான் உள்ளே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தேவகி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஜெசிந்தா, சாந்தி, எல்லோரும் வந்துவிட்டார்கள். கோகிலாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், அவள் நிலைப்படிக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே வரச் சொல்லி டீச்சரின் மகள் கையைப் பிடித்தாள். கோகிலா வரவில்லை. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுபோல நிமிர்ந்து நின்று, கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"உத்தரவ வாபஸ் வாங்கிட்டேனுங்க டீச்சர். நீங்க உள்ள வரலாமுங்க."

அதற்குமேல் முடியவில்லை அவளுக்கு. எங்களுக்கும்தான்.

விசிலை நான் வைத்துக்கொள்கிறேனா என்று அவருடைய மகன் கேட்டார். மேட்டுப்பாளையத்துப் பேத்தி அதை ஏற்கெனவே கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவை இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். அவளிடமே இருக்கட்டும் என்றேன். எனக்கு அன்றைக்கு அரங்கத்தில் அவர் எழுந்து நின்றது போதும். வியாழக்கிழமை, அதே அறையில், பிளஸ் ஒன் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், போன வாரம் நீங்க வேற மாதிரி சொன்னீங்க. இது தப்புங்க" என்றாள். நான் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவோரமாகப் போய் நின்றேன்.

"சொல்லு கண்ணு" என்றேன்.